மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: முதல் ஏரியிலேயே திரும்பினாலும் தப்பில்லை

மலை ஏரிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது எந்த ஏரி ரொம்ப அழகு என்பதைத்தான். நான் முதலில் தேடச் சொல்வது பாதியில் திரும்பினாலும் மனம் கோணாத பாதையை. ஒரே ஓர் ஏரி, அதுவும் பாதையின் கடைசியில், அதைப் பார்க்காவிட்டால் அன்றைய பாடெல்லாம் வீண் என்கிற மாதிரிப் பாதை முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம். வானம் கறுத்தாலும் முழங்கால் கெஞ்சினாலும் "இன்னும் கொஞ்சம்தானே" என்று அது மேலேயே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் இரண்டு மூன்று ஏரிகள் வரிசையாக வரும் பாதையாகப் பாருங்கள். முதல் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் ஏரி பார்த்த கணக்குதான். தெம்பு இருந்தால் அடுத்தது, அதற்கப்புறமும் இருந்தால் அதற்கும் அடுத்தது.

இப்படி ஏரிகள் வரிசையாக அமைவது ஒன்றும் அபூர்வமில்லை. பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திரள், பள்ளத்தாக்கில் இறங்கும்போது தரையை ஒரே சரிவாக வழித்துக்கொண்டு போவதில்லை. பாறை பலவீனமாக இருக்கும் இடத்தில் ஆழமாகத் தோண்டும், கெட்டியான இடத்தை மேடாக விட்டுவிடும். பனி உருகிப் போன பிறகு மிஞ்சுவது ராட்சதப் படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளத்தாக்கு, படிக்குப் படி ஒரு குழி, குழியில் தண்ணீர். ஒரே ஓடை அவற்றை மணி மணியாகக் கோத்துக்கொண்டு இறங்குவதால் ஜெபமாலையை நினைத்து 'பேட்டர்நாஸ்டர் ஏரிகள்' என்று இவற்றுக்குப் பெயர். நடக்கிறவருக்கு இதனால் என்ன என்றால், ஏற்றம் ஒரே சீராக வராது. மூச்சு வாங்க வைக்கும் ஒரு செங்குத்து, பிறகு சமதளம், அதில் ஏரி, மறுபடி செங்குத்து. ஒவ்வொரு ஏரியும் தானாகவே ஓய்வுக்கான இடம், "போதுமா, போகலாமா" என்று யோசிக்கவும் அதுதான் இடம்.

உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் பேர் லேக் பக்கத்திலிருந்து கிளம்பும் பாதை. நிம்ஃப், ட்ரீம், எமரால்டு என்று மூன்று ஏரிகள், ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 கி.மீ., மொத்த ஏற்றம் சுமார் 200 மீட்டர். முதல் ஏரி ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். சுவிட்சர்லாந்தில் செர்மாட்டுக்கு மேலே ஐந்து ஏரிகளைச் சுற்றி வரும் பாதை ஒன்று இருக்கிறது, சுமார் 10 கி.மீ.; மேலே போவதற்கு ரயிலும் கேபிள் காரும் இருப்பதால் நடை பெரும்பாலும் இறக்கம்தான். அங்கே ஸ்டெல்லிசே ஏரியில் காற்றில்லாத காலையில் மேட்டர்ஹார்ன் சிகரம் தலைகீழாகத் தெரியும். இப்படி வடிவமைந்த பாதை நீங்கள் போகப்போகும் மலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுலபம் என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். தூரம் குறைவு, ஏற்றம் குறைவு என்பதால் சுலபம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அந்த நடை எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன மூன்று ஏரிப் பாதை தொடங்குவதே 2,800 மீட்டருக்கு மேல். இமாச்சலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரிக்கு ஏறக்குறைய பக்கம் வரை வண்டியே போகும், மீதி கொஞ்ச தூரம்தான் நடை, ஆனால் ஏரி இருப்பது 4,200 மீட்டருக்கு மேல். அன்றைக்குத்தான் கீழிருந்து வந்தவருக்கு அந்தக் கொஞ்ச தூரமே தலையைப் பிளக்கும். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், உடற்பயிற்சி செய்கிறவர் செய்யாதவர் என்று அது ஆள் பார்ப்பதில்லை. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி என்று ஆரம்பித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுகிற வேலை வேண்டாம், திரும்பி இறங்குங்கள். நடை தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது அவசரம், அந்த நிமிடமே கீழே கூட்டிக்கொண்டு போக வேண்டும். உயரமான ஏரி என்றால் முந்தின இரவே ஓரளவு உயரத்தில் தங்கிவிட்டுப் போவது நல்லது.

நேரக் கணக்கு

பாதை பலகையில் கிலோமீட்டர் மட்டும்தான் இருக்கும். மலையில் கிலோமீட்டரை வைத்து நேரம் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கை இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஏரி 4 கி.மீ. தள்ளி, 400 மீட்டர் உயரத்தில் என்றால் 48 நிமிடமும் 40 நிமிடமும் சேர்ந்து சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் இது நிற்காமல் நடக்கிற, நடந்து பழகின ஆளுக்கான கணக்கு. தண்ணீர் குடிக்க, ஜெர்க்கின் கழற்ற, படம் எடுக்க, மூச்சு வாங்க எல்லாம் சேர்த்துப் பாதி கூட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் இரண்டு மடங்கு. இறக்கம் சீக்கிரம் முடியும் என்று நினைப்போம், கல்லும் வேருமான பாதையில் ஏறின நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போட்டதும் திரும்பும் நேரம் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். ஏரி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பகல் 12 மணி என்றால் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். இதை வீட்டிலேயே, கால் வலிக்காதபோதே, கூட வருகிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். மேலே போய் முடிவு செய்தால் ஆசைதான் ஜெயிக்கும். வீட்டில் இருக்கும் ஒருவரிடமும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் இறங்கிவிடுவோம், அதற்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் இருக்காது. வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதையின் குணமே தெரிந்துவிடும்: கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். படிக்கட்டுப் பள்ளத்தாக்கில் இந்த நெருக்கமும் விலகலும் மாறி மாறி வருவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், எங்கே மூச்சு வாங்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்தே குறித்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில் ஏன்

சீக்கிரம் கிளம்பு என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். முதல் காரணம் இடி. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று சூடாகி மேலே கிளம்பும், மதியத்துக்குள் அது மேகமாகத் திரளும், அதற்கப்புறம் மழையும் மின்னலும். கோடையில் பல மலைகளில் இது தினசரி நடப்பு. காலையில் நீலமாக இருந்த வானத்தில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளை மேகம் உயரமாக எழுந்துகொண்டே போனால் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அதாவது அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். மலை முகடு, தனி மரம், ஏரிக்கரை மூன்றையும் விட்டு விலகிக் கீழே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகாமல் மறுபடி மேலே ஏற வேண்டாம்.

இரண்டாவது, ஓடை. பனி உருகி வரும் ஓடையில் காலையில் தண்ணீர் குறைவு, கல் விட்டுக் கல் தாவிப் போய்விடலாம். மேலே பகலெல்லாம் பனி உருகி, மாலையில் திரும்பி வரும்போது அதே இடத்தில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். காலையில் தாண்டின கல் எதுவும் வெளியே தெரியாது. போகும்போதே ஓடையைப் பார்த்து, இது இன்னும் ஓரடி ஏறினால் தாண்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் உங்கள் படத்துக்கானது. ஏரியில் மலை தலைகீழாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் காலைக் கதை. காற்று கிளம்பிவிட்டால் தண்ணீரில் சுருக்கம் விழுந்துவிடும், பிறகு நீங்கள் பார்ப்பது நீலத் துணி விரித்த மாதிரி ஒரு பரப்பு மட்டும். அதுவும் அழகுதான், ஆனால் ஆசைப்பட்டுப் போனது அதற்கில்லை.

காலும் பையும்

புது ஷூ போட்டுக்கொண்டு மலைக்குப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே ஒருமுறை போனேன். முதல் மணி நேரத்தில் குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தது. நின்று பார்த்தால் கூட வந்தவர்கள் காத்திருக்க வேண்டுமே என்று நடந்தேன். ஏரிக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினால், அது குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. கொப்புளம் எப்போதோ உடைந்து, பத்து பைசா அளவுக்குத் தோல் உரிந்து, ஈரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. எதிரே அவ்வளவு பெரிய ஏரி, நான் பார்த்ததெல்லாம் என் குதிகாலை. இறங்கும்போது நண்பர் ஒருவர் என் பையையும் சேர்த்துத் தூக்கினார். அதிலிருந்து சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்றுவிடுகிறேன். கல் ஏதாவது போயிருக்கிறதா என்று உதறிவிட்டு, அந்த இடத்தில் அகலமான பிளாஸ்டர் ஒன்றைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை, கொப்புளம் வராது.

ஷூ கனமான மலையேற்ற பூட்ஸாக இருக்க வேண்டியதில்லை, சுலபமான பாதைக்கு அடியில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே பழகின ஷூ போதும். காலுறை மட்டும் கம்பளி கலந்ததாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும், மாற்றுக்கு ஒரு ஜோடி பையில். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. உடம்பில் போடும் சட்டைக்கும் இதே கதைதான், ஏறும்போது நனைந்த பருத்திச் சட்டை ஏரிக்கரைக் காற்றில் ஐஸ் துணி போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உயரே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. அடிவாரத்தில் 25 டிகிரி என்றால் 1,000 மீட்டர் மேலே 18-19, காற்றடித்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகத் தெரியும். அதனால் வெயில் கொளுத்தினாலும் ஒரு கதகதப்பான உடுப்பும், மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் ஒரு ஜெர்க்கினும் பையில் இருக்க வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிருகிற மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்புங்கள், பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும்.

குளிர்ந்தால் வெயில் சுடாது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, பனி கிடந்தால் அதிலிருந்து தெறித்துக் கீழிருந்தும் சுடும். தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் போட மறந்து கறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும்.

மற்றபடி பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பசிக்கும் முன்னே கொறிக்க ஏதாவது, சாப்பாடு, தலையில் மாட்டும் டார்ச், சின்ன முதலுதவிப் பை, விசில், பவர் பேங்க், குப்பைக்கு ஒரு கவர். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உள் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். விசிலைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது. ஆல்ப்ஸ் மலையில் தோன்றிய வழக்கப்படி உதவி வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதிலுக்கு மூன்று முறை கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஏறும்போது

கூட வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். பேச முடியாமல் வார்த்தை வார்த்தையாக உடைந்தால் வேகம் அதிகம். முன்னால் போகிறவர் குழுவிலேயே மெதுவாக நடக்கிறவராக இருப்பது நல்லது. வேகமாக நடக்கிறவர் முன்னே போய் உட்கார்ந்து காத்திருந்து, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா" என்று எழுந்தால் ஓய்வு கிடைப்பது யாருக்கு என்று நீங்களே பாருங்கள்.

படிக்கட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு ஏமாற்று உண்டு. மேலே ஒரு விளிம்பு தெரியும், அதற்கு அந்தப் பக்கம்தான் ஏரி என்று உயிரைக் கொடுத்து ஏறுவோம், ஏறினால் அங்கே இன்னொரு விளிம்பு. கண்ணை விடக் காது மேல். ஏரியிலிருந்து விழுந்து வரும் ஓடை ஏற்றம் முழுக்க இரைந்துகொண்டே கூட வரும். விளிம்புக்கு வந்ததும் அந்த இரைச்சல் தணிந்து, தண்ணீர் சத்தமில்லாமல் வழிகிற மாதிரி ஆனால், நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் ஏரி எதிரே இருக்கும்.

கோடையின் தொடக்கத்தில் பாதையில் பழைய பனி கிடக்கலாம். சமதளத்தில் கிடந்தால் கவலையில்லை. சரிவில், கீழே பாறையோ தண்ணீரோ இருக்கும் இடத்தில் கெட்டிப் பனி கிடந்தால், அதற்கான கருவியும் பழக்கமும் இல்லாமல் தாண்ட வேண்டாம். ஓடைக்கு மேல் பாலம் மாதிரி மூடியிருக்கும் பனியிலும், கரையோரம் உறைந்திருக்கும் ஏரியிலும் கால் வைக்காதீர்கள்.

ஏரிக்கரையில்

சில ஏரிகள் பால் கலந்த நீலப் பச்சையாக இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு எடிட் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பனியாறு பாறையை அரைத்து மாவாக்கி அனுப்புகிறது. அந்தத் துகள்கள் மூழ்காமல் தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. வரிசை ஏரிகளில் மேலே இருக்கும் ஏரி இந்த மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே இருப்பது அதனாலேயே தெளிவாக இருக்கும். ஒரே ஓடை, இரண்டு நிறம்.

கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடித்துவிட வேண்டாம். ஜியார்டியா போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுப்போக்கு ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். வடிகட்டி இருந்தால் வடிகட்டுங்கள், அடுப்பு இருந்தால் கொதிக்க வையுங்கள்: கொதி வந்து ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால்தான் இந்தக் கூடுதல் நேரம்.

குளிக்கலாமா என்று கேட்பீர்கள். அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெயில் நன்றாக இருந்தால், கரையோரம் மெதுவாக இறங்கி நனைத்துக்கொண்டு வந்துவிடலாம். பாறையிலிருந்து குதிப்பது மட்டும் கூடாது. 15 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு அப்புறம் கரைக்கு வாருங்கள். சன்ஸ்கிரீன் பூசின உடம்போடு இறங்க வேண்டாம், சோப்பு எந்த வகையானாலும் கூடாது, இயற்கை சோப்பு என்று எழுதியிருந்தாலும்.

ஒதுங்க வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டராவது, அதாவது எண்பது தப்படியாவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட்டு வாருங்கள், காகிதத்தைக் கவரில் போட்டுத் திருப்பி எடுத்து வாருங்கள். மண்ணே இல்லாத பாறைப் பகுதியில் எல்லாவற்றையுமே எடுத்து வர வேண்டியதுதான். கேட்க ஒரு மாதிரி இருக்கும். அந்த ஏரியிலிருந்துதான் கீழே இருக்கிறவர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள்.

சும்மா இருக்கும் கை கல்லை அடுக்கச் சொல்லும், அடுக்காதீர்கள். பாதை தெரியாத இடத்தில் வழிகாட்ட அடுக்கி வைத்த கற்குவியல்களை நம்பி மூடுபனியில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கோபுரம் அவர்களை வேறு பக்கம் அனுப்பிவிடும்.

இறங்கும்போது

கிளம்பும் முன் ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் கால் முன்னே சரிந்து பெருவிரல் நகம் ஷூவில் இடித்துக்கொண்டே வரும், இரண்டு நாளில் நகம் கறுத்துவிடும். சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கியபடி இறங்குங்கள். கைத்தடி இருந்தால் ஏறும்போது இருந்ததைவிடச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள், முழங்கால் உங்களை வாழ்த்தும்.

வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான், ஏரி பார்த்தாயிற்று, வண்டி பக்கத்தில் வந்துவிட்டது, கவனம் வேறெங்கோ. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடங்கள், பசியெடுக்காவிட்டாலும். பாதை பிரியும் இடங்களைப் போகும்போதே திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தால் இப்போது உதவும், ஒரே இடம் ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் இருக்கும்.

வண்டிக்கு வந்ததும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றி, வண்டியிலேயே விட்டு வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தி, யாரிடம் தகவல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களோ அவருக்கு இறங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இதை மறந்துவிட்டு ஹோட்டலில் தூங்கிப்போனவர்களைத் தேடி மீட்புக் குழு மலை ஏறுகிற கூத்தும் நடக்கத்தான் செய்கிறது.